மும்பை டு ஊட்டி: எந்த டீசல் காரை எடுப்பது? இறக்கத்தை வைத்துக் கணக்குப் போடுங்கள்

கோடை விடுமுறைக்கு ரயிலில் இடம் கிடைக்கவில்லை என்றால், மாட்டுங்கா, செம்பூர், தாராவி வீடுகளில் அடுத்து வரும் யோசனை 'காரிலேயே போயிடலாமே' என்பதுதான். நாலு பேர் சேர்ந்தால் செலவைப் பங்கு போட்டுக்கொள்ளலாம். போகிற வழியில் ஊட்டியில் இரண்டு நாள் தங்கிவிட்டு, அப்படியே ஊருக்கும் போய் வரலாம். திட்டம் முடிவான பிறகு கடைசிக் கேள்வி வரும்: எந்த வண்டி?

பெரும்பாலும் உங்கள் முன் மூன்று வாய்ப்புகள் இருக்கும். வீட்டில் நிற்கும் பழைய டீசல் ஸ்விஃப்ட் அல்லது டிசையர். நண்பரிடம் இருக்கும் புதிய கிரெட்டா, நெக்ஸான் போன்ற டீசல் எஸ்யூவி. வாடகைக்கு எடுக்கும் இன்னோவா போன்ற ஏழு சீட்டர். வாட்ஸ்அப் குழுவில் 'எவ்ளோ பிஎச்பி, எவ்ளோ மைலேஜ்' என்றுதான் பேச்சு ஓடும். மலைக்குப் போகிறவர்கள் முதலில் கேட்க வேண்டியது வேறு: ஆட்களும் பெட்டிகளும் நிறைந்த நிலையில், இறக்கத்தில் எந்த வண்டி கட்டுப்பாட்டில் நிற்கும்?

பாதை எப்படி?

மும்பையிலிருந்து ஊட்டி சுமார் 1,200 கி.மீ. புனே, சதாரா, கோலாப்பூர், பெலகாவி, ஹூப்பள்ளி, சித்ரதுர்கா வரை பெங்களூரு நெடுஞ்சாலை. பிறகு மைசூரு, குண்டல்பேட்டை, பந்திப்பூர் காடு, முதுமலை. இதில் பெரும்பகுதி நேரான நாலு வழிச் சாலை. எந்த ஆரோக்கியமான டீசல் காரும் அதைச் சிரமமில்லாமல் கடந்துவிடும். வண்டியின் உண்மையான குணம் தெரிவது கடைசிச் சில பத்து கிலோமீட்டரில்தான்.

முதுமலையில் தெப்பக்காட்டில் பாதை இரண்டாகப் பிரியும். ஒன்று கூடலூர், நடுவட்டம், பைக்காரா வழியாகச் சுற்றிப் போகும் சாலை. இன்னொன்று மசினகுடி, கல்லட்டி வழியாக 36 கொண்டை ஊசி வளைவுகளுடன் நேராக மேலே ஏறும் குறுக்கு வழி. ஊட்டியிலிருந்து சமவெளிக்கு இறங்க, குன்னூர் அல்லது கோத்தகிரி வழியாக மேட்டுப்பாளையம் போகலாம். ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரம். மேட்டுப்பாளையம் சுமார் 330 மீட்டர். ஐம்பது கிலோமீட்டர் தூரத்தில் 1,900 மீட்டர் இறங்குகிறீர்கள்.

மலைக்கு டீசல் நல்லது என்கிறார்களே, ஏன்?

இரண்டு காரணம். முதலாவது டார்க், அதாவது சக்கரத்தைச் சுழற்றும் இழுவை. ஒரே ஸ்விஃப்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1.2 லிட்டர் பெட்ரோலில் சுமார் 113 நியூட்டன் மீட்டர், அதுவும் 4,000 ஆர்பிஎம்முக்கு மேல். 1.3 லிட்டர் டீசலில் 190, அதுவும் 2,000 ஆர்பிஎம்மிலேயே. இன்ஜினைக் கதறவிடாமல் ஏற முடிவது இதனால்தான்.

இரண்டாவது டர்போ. உயரே போகப் போகக் காற்று மெலியும். ஊட்டியில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய நாலில் மூன்று பங்குதான். டர்போ இல்லாத பெட்ரோல் இன்ஜின் அங்கே மூச்சு வாங்கும். டர்போ, காற்றை அழுத்தி உள்ளே தள்ளி அந்தக் குறையைப் பெருமளவு சரிக்கட்டும். இன்று விற்கும் எல்லா டீசல் கார்களிலும் டர்போ உண்டு. டர்போ பெட்ரோல் கார்களுக்கும் இதே அனுகூலம் இருக்கிறது. ஆனால் முழு பாரத்தோடு 1,200 கி.மீ. ஓடும்போது டீசல் செலவு குறைவு.

அப்போ டார்க் அதிகம் உள்ள வண்டியை எடுத்தால் போதுமா?

போதாது. காரின் எடையோடு ஆட்கள், பெட்டிகளின் எடையையும் கூட்டி, டார்க்கை அந்த மொத்த எடையால் வகுத்துப் பாருங்கள். எடைகள் இங்கே தோராயமானவை.

• பழைய டீசல் ஸ்விஃப்ட்: 190 நியூட்டன் மீட்டர். ஐந்து பேர், பெட்டிகளோடு சுமார் 1,400 கிலோ. டன்னுக்கு 136.

• டீசல் கிரெட்டா: 250 நியூட்டன் மீட்டர். அதே ஐந்து பேரோடு சுமார் 1,750 கிலோ. டன்னுக்கு 143.

• இன்னோவா கிரிஸ்டா: 343 நியூட்டன் மீட்டர். ஏழு பேர், பெட்டிகளோடு சுமார் 2,400 கிலோ. டன்னுக்கு 143.

மூன்றும் கிட்டத்தட்ட ஒன்றுதான்! கியர் விகிதம் வண்டிக்கு வண்டி மாறும் என்பதால் இது துல்லியமான அளவுகோல் அல்ல. ஆனாலும் ஒரு விஷயம் தெளிவு: ஒழுங்காகப் பராமரித்த எந்த டீசல் காரும் ஊட்டிக்கு ஏறிவிடும்.

வித்தியாசம், அந்த டார்க் எப்போது கிடைக்கிறது என்பதில் இருக்கிறது. கிரெட்டா, நெக்ஸான் டீசல்களில் முழு டார்க் 1,500 ஆர்பிஎம்மில் தொடங்கிவிடும், கிரிஸ்டாவில் 1,400. பழைய 1.3 லிட்டர் இன்ஜினில் டர்போ விழித்துக்கொள்ள 2,000-ஐ நெருங்க வேண்டும். கொண்டை ஊசி வளைவில் வேகம் குறைந்து இரண்டாம் கியரில் திணறினால், தயங்காமல் முதல் கியருக்கு வாருங்கள். அரை கிளட்ச்சில் இழுத்தால் மூன்றாவது வளைவிலேயே கிளட்ச் கருகும் வாசனை வரும்.

இறக்கத்தில் என்ன ஆகிறது?

கல்லட்டி பாதையில் 2018-ல் சென்னையிலிருந்து வந்த சுற்றுலாப் பயணிகளின் கார் பள்ளத்தில் விழுந்து உயிரிழப்பு நேர்ந்தது. அதன் பிறகு, ஊட்டியிலிருந்து அந்த வழியாகக் கீழே இறங்க வெளியூர் வண்டிகளுக்குக் கட்டுப்பாடு வந்தது. தலைகுந்தாவிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். மலைப்பாதையில் ஆபத்து எந்தத் திசையில் அதிகம் என்பதற்கு இதைவிட நேரடியான பதில் வேண்டாம்.

காரணம் பள்ளிக்கூட இயற்பியல். மேலே ஏற்றிய எடை கீழே இறங்கும்போது அந்த ஆற்றல் எங்காவது போயாக வேண்டும். ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையம் வரை மேலே சொன்ன மூன்று வண்டிகளுக்கும் கணக்குப் போட்டால், வெளியேற வேண்டிய ஆற்றல் ஸ்விஃப்ட்டுக்குச் சுமார் 26 மெகாஜூல், கிரெட்டாவுக்கு 33, ஏழு பேர் ஏறிய கிரிஸ்டாவுக்கு 45. புரியும்படி சொன்னால், 45 மெகாஜூல் என்பது அறை வெப்பநிலையில் இருக்கும் 140 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் வெப்பம். டயர் உருளும் தடையும் காற்றும் இதில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். மிச்சத்தை இன்ஜின் தாங்க வேண்டும், இல்லையென்றால் பிரேக் தாங்க வேண்டும்.

பிரேக் மட்டுமே தாங்கினால் இரண்டு கோளாறு வரும். பேட் அளவுக்கு மீறிச் சூடாகிப் பிடிமானம் குறையும். அதைவிட மோசம், பிரேக் ஆயில் கொதித்து உள்ளே ஆவிக்குமிழ் உண்டாவது. குமிழ் வந்தால் பெடல் தரைவரை போகும், வண்டி நிற்காது. பல கார்களில் பயன்படும் 'டாட் 4' வகை ஆயிலின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ். ஈரம் ஏறிய பிறகு 155 வரை இறங்கலாம். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. மும்பைக் காற்றைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கடைசியாக எப்போது மாற்றினீர்கள் என்று நினைவில்லையா? இரண்டு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தால் கிளம்பும் முன் மாற்றிவிடுங்கள். பெரிய செலவில்லை.

டீசல் வண்டி இறக்கத்தில் தானாகவே பிடிக்குமாமே?

இது பாதி உண்மை. டீசலில் அழுத்தம் அதிகம், அதனால் இன்ஜின் பிரேக்கிங்கும் அதிகம் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் அழுத்திய காற்று திரும்ப விரியும்போது, எடுத்த ஆற்றலில் பெரும்பகுதியைத் திருப்பிக் கொடுத்துவிடும். பெட்ரோல் இன்ஜினில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் காற்று வரும் வழி ஏறக்குறைய மூடிக்கொள்ளும். அந்த உறிஞ்சல்தான் வண்டியைப் பிடித்து இழுக்கும். டீசல் இன்ஜின் காற்றை அப்படி மூடி வேகத்தைக் கட்டுப்படுத்துவதில்லை. லாரிகளிலும் பஸ்களிலும் தனியாக எக்ஸாஸ்ட் பிரேக் வைப்பது அதனால்தான்.

ஆகவே டீசல் காரில் இறங்கும்போது கியர் உங்கள் கையில் இருக்க வேண்டும். ஏறிய கியரிலேயே இறங்குங்கள்: இரண்டாவது, சில வளைவுகளில் முதலாவது. வேகம் கூடும்போது பிரேக்கை அழுத்தமாக ஒருமுறை பிடித்து, வேகத்தைக் குறைத்து, விட்டுவிடுங்கள். லேசாகக் காலை வைத்தபடியே இறங்குவதுதான் பேட்டை வேகவைக்கும்.

நியூட்ரலில் இறக்கி டீசல் மிச்சம் பிடிக்கும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். கியரில் இருக்கும்போது ஆக்ஸிலரேட்டரை விட்டால் இன்றைய இன்ஜின்கள் டீசல் செலுத்துவதையே நிறுத்திவிடும். நியூட்ரலில்தான் ஐடிலிங்குக்கு டீசல் செலவாகும். இன்ஜினையே அணைத்துவிட்டால் பிரேக்கின் உதவி விசையும் பவர் ஸ்டீயரிங்கும் சேர்ந்து போய்விடும்.

எந்த கியர்பாக்ஸ்?

டீசல் கார்களில் பொதுவாக மூன்று வகை பார்ப்பீர்கள். மேனுவல் என்றால், ஓட்டத் தெரிந்தவருக்கு மலையில் முழுக் கட்டுப்பாடு. டார்க் கன்வர்ட்டர் ஆட்டோமேட்டிக் (கிரெட்டா, ஹாரியர், எக்ஸ்யூவி 700 டீசல்களில் இருப்பது) ஊர்ந்து போகும் ஏற்றத்தில் மிகவும் சுகம். இறக்கத்தில் மட்டும் 'டி'-யிலேயே விடாமல் மேனுவல் மோடுக்கு மாற்றிக் கீழ் கியரைப் பிடித்து வையுங்கள். ஏஎம்டி என்பது மேனுவல் கியரை இயந்திரம் மாற்றிக்கொடுப்பது. வளைவின் நடுவில் கியர் மாற்ற ஒரு நொடி தயங்கும். அதனால் வளைவுக்கு முன்பே நீங்களே கியரைக் குறைத்துவிடுங்கள்.

நண்பரின் ஆட்டோமேட்டிக்கை முதன்முறையாக ஓட்டப் போகிறீர்களா? மேனுவல் மோடு எப்படி வேலை செய்கிறது என்பதை மலையடிவாரத்தில் அல்ல, செம்பூரிலேயே கற்றுக்கொள்ளுங்கள்.

நகரத்துக்குள் மட்டுமே ஓடிய பிஎஸ்-6 டீசலா? முதலில் டிபிஎஃப் பாருங்கள்

2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்-6 விதி வந்தது. அதன்படி விற்கும் டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் என்ற வடிகட்டி உண்டு. சேர்ந்த கரியை அது அவ்வப்போது எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும். அதற்குப் புகை 600 டிகிரி அளவுக்குச் சூடாக வேண்டும். தொடர்ந்து சீரான வேகத்தில் ஓடினால்தான் அது நடக்கும்.

மாட்டுங்காவிலிருந்து தாராவி 90 அடி சாலை நெரிசலில் ஊர்ந்து பிகேசி போய், மாலையில் அதே வழியில் திரும்பும் கார் எப்போது 600 டிகிரியைத் தொடும்? கரி சேர்ந்துகொண்டே போகும். எச்சரிக்கை விளக்கு எரிவதைப் பொருட்படுத்தாமல் விட்டால் வண்டி சக்தியைக் குறைத்துக்கொள்ளும். கூடலூர் ஏற்றத்தில் அப்படி நடந்தால் பின்னால் வரும் பஸ்ஸுக்கும் சிரமம். கிளம்பும் முன் அந்த விளக்கு எரிகிறதா என்று உரிமையாளரிடம் கேளுங்கள். எரிந்தால் சர்வீஸ் சென்டர் போன பிறகே பயணம். எரியவில்லை என்றால் நெடுஞ்சாலை ஓட்டமே அதற்கு மருந்து.

சில டீசல் கார்களுக்கு ஆட்ப்ளூ எனப்படும் யூரியா கரைசலும் தேவை. அது தீர்ந்தபின் இன்ஜினை அணைத்தால் மறுபடி ஸ்டார்ட் ஆகாது. அளவைப் பார்த்து நிரப்பிக்கொள்ளுங்கள். லாரிகளுக்கும் தேவைப்படுவதால் நெடுஞ்சாலை பங்குகளில் கிடைக்கும். பிஎஸ்-4 காலத்துச் சின்ன டீசல் கார்களுக்குப் பெரும்பாலும் இந்த இரண்டு கவலையும் இல்லை.

பாரம் எவ்வளவு ஏற்றலாம்?

கார் மேனுவலில் அனுமதிக்கப்பட்ட மொத்த எடை இருக்கும். அதிலிருந்து வண்டியின் எடையைக் கழித்தால் ஆட்களுக்கும் பெட்டிகளுக்குமான இடம் தெரியும். ஐந்து பெரியவர்கள், நாலு பெட்டி என்றால் 400 கிலோவைத் தாண்டும். சின்ன ஹேட்ச்பேக்குக்கு அது ஏறக்குறைய உச்ச வரம்பு. ஊருக்குக் கொண்டுபோகும் அட்டைப்பெட்டிகள், திரும்பி வரும்போது அம்மா கட்டிக்கொடுக்கும் அரிசி, எண்ணெய் எல்லாம் இதற்குள் அடங்க வேண்டும். கூரைக் கேரியரில் ஏற்றினால் வளைவில் வண்டி அதிகம் சாயும். முழு பாரத்துக்கான டயர் காற்றளவு ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும். வழக்கமான அளவைவிட அது கூடுதலாக இருக்கும்.

நண்பர் வண்டி, வாடகை வண்டி: சட்டம் என்ன சொல்கிறது?

நண்பர் காசு வாங்காமல் கொடுத்தால் சிக்கல் இல்லை. செல்லுபடியாகும் லைசென்ஸ், ஆர்.சி., இன்ஷூரன்ஸ், புகைச் சான்றிதழ் இருந்தால் போதும். டிஜிலாக்கரில் இருப்பதும் செல்லும்.

தானே ஓட்டும் வாடகை வண்டி என்றால் நம்பர் பலகை கறுப்பாகவும் எழுத்து மஞ்சளாகவும் இருக்க வேண்டும். 'தெரிஞ்சவர்கிட்ட சீப்பா கிடைக்குது' என்று வெள்ளைப் பலகை கார் வாடகைக்கு வந்தால் யோசியுங்கள். சொந்த உபயோகத்துக்குப் பதிவான வண்டியை வாடகைக்கு விடுவது விதிமீறல். விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் நிறுவனம் இழப்பீட்டை மறுக்க அது ஒரு காரணமாகும். கர்நாடகா, தமிழ்நாடு எல்லை தாண்ட அனுமதி உண்டா என்பதையும் முன்பதிவின்போதே எழுத்தில் வாங்குங்கள்.

சரி, முடிவாக எந்த வண்டி?

• மூன்று பேர் வரை, பழக்கப்பட்ட ஓட்டுநர்: வீட்டிலுள்ள பழைய டீசல் ஹேட்ச்பேக் தாராளமாகப் போதும். எடை குறைவு, பிரேக்குக்கு வேலையும் குறைவு. பிரேக் ஆயில், பேட், பின்சக்கர ஷூ, கூலன்ட், டயர் ஐந்தையும் பார்த்துவிடுங்கள்.

• நாலைந்து பேர், வயதானவர்கள் உண்டு: பிஎஸ்-6 டீசல் எஸ்யூவி. நான்கு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக், ஹில் ஹோல்டு உள்ள வேரியன்ட் கிடைத்தால் நல்லது. டிபிஎஃப் நிலை பார்த்த பிறகு.

• ஆறேழு பேர்: கிரிஸ்டா போன்ற ஏழு சீட்டர். மூன்றிலும் அதிக வெப்பம் இதற்குத்தான். பெரிய வண்டி ஓட்டிப் பழகியவர் ஒருவராவது இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஓட்டுநரோடு எடுங்கள்.

• ஃபோர் வீல் டிரைவ்? ஊட்டித் தார்ச்சாலைக்குத் தேவையில்லை. அந்தப் பணத்தை நல்ல டயருக்குப் போடுங்கள். சட்டப்படி டயர் பட்டன் ஆழம் குறைந்தது 1.6 மி.மீ.; மழையில் மலையேற 3 மி.மீ.யாவது இருக்கட்டும்.

நேரமும் அனுமதியும்

பந்திப்பூர் காட்டுச்சாலை இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை மூடப்படும். அதனால் முதல் இரவு ஹூப்பள்ளி, இரண்டாம் இரவு மைசூரு என்று தங்கி, மூன்றாம் நாள் வெளிச்சத்தில் மலையேறுவது வசதி. நீலகிரிக்கு இ-பாஸ் வேண்டும். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் நடைமுறைக்கு வந்தது இது. 2025 கோடையில் வார நாள்களில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டிகள் என்ற உச்ச வரம்பும் சேர்ந்தது. இ-பாஸ் வண்டி எண்ணுக்குத்தான் கிடைக்கும். எனவே வண்டியை முதலில் முடிவு செய்யுங்கள், பிறகு ஹோட்டல். கோடை சீசனில் மேட்டுப்பாளையம் பாதைகளை ஒருவழியாக்குவதும் உண்டு: ஏற குன்னூர், இறங்க கோத்தகிரி.

கிளம்பும் முன் ஒரு ஒத்திகை

மலை உங்களுக்கு தூரமில்லை. செம்பூரிலிருந்து லோனாவாலா சுமார் 75 கி.மீ.; நடுவில் கொப்போலிக்கு மேலே போர் காட் ஏற்றம். பயணத்துக்கு இரண்டு வாரம் முன்பு ஒரு ஞாயிறு விடியற்காலை, போகப்போகும் அதே ஆட்களோடு லோனாவாலா போய்த் திரும்புங்கள். ஏறும்போது வெப்ப முள்ளைப் பாருங்கள். இறங்கும்போது கியரைக் குறைத்து வண்டி எவ்வளவு பிடிக்கிறது என்று பாருங்கள். கீழே வந்து பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, சக்கரத்தின் அருகே போய் முகர்ந்து பாருங்கள். கருகல் வாசனையோ, பெடல் வழக்கத்தைவிட ஆழமாகப் போவதோ தெரிந்தால் பிரேக்கைச் சரிபார்த்து மறுபடி ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். அப்போதும் அப்படியே என்றால், அந்த வண்டியை மும்பையிலேயே விட்டுவிட்டு வேறு வண்டி பாருங்கள். கையில் இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது.